வெங்கடப்பாவின் கம்பை நான் குட்டையில் எறிந்த காரணம்

மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் பதினோரு பேருக்கும் வணக்கம். மின்கம்பியைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்பதைப் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. இடது கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் ஆன பிறகும் தூரத்துக் கம்பி இரண்டாகத் தெரிந்ததால் ஓய்வு பெற்றவன் நான். ஒன்றும் தெரியாததற்கு ஒன்று இரண்டாகத் தெரிவது நல்லதுதானே என்று வாதாடிப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.

நான் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. ஓசூரில் லாரிக்குப் பாரம் ஏற்றினேன். மாலூரில் ஓட்டுச் சூளையில் இருந்தேன். பெங்களூர் சிவாஜி நகரில் பிரியாணிக் கடைக்கு வெங்காயம் உரித்தேன். கல்யாண வீடியோ எடுப்பவருக்கு லைட் பிடித்தேன். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை, சில இடங்களில் அவர்களே இருக்க விடவில்லை. மூன்று மாதம் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். கொசு அதிகம், மற்றபடி பரவாயில்லை.

கல்யாணங்களுக்குப் பறக்கும் கேமரா வந்தபோது அதை ஓட்டக் கற்றுக்கொண்டேன். அங்கிருந்து மருந்தடிக்கும் ட்ரோனுக்குத் தாவலாம் என்று பார்த்தால், லைசென்ஸுக்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். நாற்பத்தாறு வயதில் பத்தாவது பரீட்சை எழுதப் போனேன். நான் ஹாலுக்குள் நுழைந்ததும் மூன்று பிள்ளைகள் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னார்கள். நானும் சொல்லிவிட்டுப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணக்கில் முப்பத்தாறு மார்க்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. பெயர் வேண்டாம், இப்போது பெரிய வேலையில் இருக்கிறார், என்னைப் போன்ற சீடன் இருந்தது தெரிந்தால் அவருக்குக் கஷ்டம். முதல் நாள் அவர் சொன்னது இது:

"அண்ணா, கம்பியைத் தேடாதீங்க. வெயில்ல அது கண்ணுக்கே தெரியாது. நட்டு வெச்சிருக்கிறதைத் தேடுங்க. ஒரு போஸ்ட் நின்னா, எதுக்கு நிக்கிறேன்னு கேளுங்க. பதில் கிடைக்கிற வரைக்கும் மிஷினைத் தூக்காதீங்க."

"யாரைக் கேக்கறது?"

"போஸ்ட்டைத்தான்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். மிஷினுக்கு முன்னால் ரேடார் இருக்கிறதே என்றும் கேட்டேன். நீங்களும் கேட்பீர்கள். ரேடார் மரத்தைப் பார்க்கும், வைக்கோல் போரைப் பார்க்கும். ஒருமுறை ஆனேக்கல் பக்கம் ஒரு எருமையைப் பார்த்து மிஷின் அந்தரத்தில் நின்றுவிட்டது. எருமையும் நின்றுவிட்டது. பேட்டரி குறைகிற வரைக்கும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் பென்சில் கனம்கூட இல்லாத கம்பி குறுக்கே போனால் ரேடார் அதைப் பார்க்கும் என்று நம்பாதீர்கள். நம்பி நான் பட்டபாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சந்தாபுராவுக்கு அப்பால், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஒரு முட்டைக்கோஸ் தோட்டம். உரிமையாளர் வெங்கடப்பா. அறுபது வயது, என் இரண்டு மடங்கு தோள். அவருடைய மகன் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவன்தான் அங்கிருந்தே போனில் எங்களை புக் பண்ணியிருந்தான். அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டான்.

என்னோடு வந்தவர் ஃபிரான்சிஸ். ஈஜிபுராவில் வாடகை வீடு, ஞாயிறு தவறாமல் பூசை, எனக்கு இரண்டு வயது மூத்தவர். பேட்டரி மாற்றுவதும், வயலின் மறுகோடியில் நின்று எனக்குக் கண்ணாக இருப்பதும் அவர் வேலை. வாக்கி-டாக்கியில் அவர் "கம்பி" என்று கத்தினால் நான் நிறுத்த வேண்டும்.

அந்த வாரம்தான் கம்பெனி புது உடுப்பு கொடுத்திருந்தது. காக்கி பேண்ட், மஞ்சள் ஹெல்மெட், பளபளக்கும் பட்டை வைத்த மேல்கோட்டு. கையில் ஒரு அட்டை, அதில் கம்பி எங்கெங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளும் படிவம். எல்லாம் பாதுகாப்புக்காக. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே வரப்பில் நடந்தோம்.

தூரத்தில் ஒரு ஆள் எங்களைப் பார்த்தார். கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு எங்களுக்கு எதிர்த்திசையில் ஓடினார்.

"வயித்துக்கு சரியில்ல போலிருக்கு" என்றார் ஃபிரான்சிஸ்.

பத்து நிமிஷம் கழித்து வேர்த்து விறுவிறுத்து எங்கள் முன்னால் வந்து நின்றார். வெங்கடப்பாதான்.

"வாங்க சார், வாங்க சார். என்னா விஷயம்?"

"கம்பி பாக்க வந்தோம்ங்க. இந்தத் தோட்டத்துக்குக் குறுக்க லைன் ஏதாவது போகுதா?"

"லைனா? ஏனூ இல்ல சார். ஒண்ணுமே இல்ல. எங்க வேணா பாருங்க."

பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. தோட்டத்து ஓரத்தில் ஊர் மின்லைன் போயிற்று, அதைக் குறித்துக்கொண்டேன். மறுகோடியில் பாலித்தீன் விரித்த பண்ணைக்குட்டை, பக்கத்தில் சின்ன மோட்டார். நடுவில், முட்டைக்கோசுக்கு மத்தியில், சவுக்குக் கழி ஒன்று தனியாக நட்டு நின்றது.

"இது எதுக்குங்க?"

"காக்கா ஓட்டறதுக்கு சார்."

"பொம்மை, துணி ஒண்ணும் கட்டலையே?"

"எங்க ஊர் காக்காவுக்கு இதுவே போதும் சார்."

நான் எழுதிக்கொண்டேன்: கழி ஒன்று, காக்கைக்கு. என் குரு கேட்கச் சொன்னது கழியை. நான் கேட்டது கழியை நட்டவரை. கழிக்குப் பொய் சொல்லக் காரணம் ஒன்றும் இருந்திருக்காது.

வெங்கடப்பாவின் மனைவி ஜெயம்மா டீ கொண்டுவந்தார். டீயை நீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார், "இந்த வருஷம் கரண்ட் ஆபீஸ்ல ரொம்ப ஸ்ட்ரிக்டா சார்?"

"தெரியாதேம்மா. நாங்க மருந்தடிக்க வந்திருக்கோம். உங்க பையன் புக் பண்ணான் இல்ல?"

ஜெயம்மா புருஷனைப் பார்த்தார். வெங்கடப்பா என் ஹெல்மெட்டைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார்.

"மருந்தடிக்கிறவங்களா? அட, முன்னாடியே சொல்றதில்லையா!" என்று சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். என் முதுகில் ஒன்று வைத்தார். "குடிங்க, நல்லா குடிங்க. இன்னொரு டம்ளர் ஊத்து ஜெயா. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வேலை என்னவென்று நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஃபிரான்சிஸ் முறுக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. தோட்டம் என்றால் மோட்டார் ஓடும், அதில் என்ன இருக்கிறது?

நடந்தது இதுதான். வெங்கடப்பா ஊர் லைனில் கொக்கி போட்டு, அங்கிருந்து ஒரு கம்பியை அந்தச் சவுக்குக் கழி வழியாகத் தோட்டத்தின் குறுக்கே இழுத்து மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஹெல்மெட்டைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கொக்கியை எடுத்து, கம்பியைச் சுருட்டி, முட்டைக்கோசுக்கு அடியில் ஒளித்துவிட்டார். டீ குடிக்கும்போது நாங்கள் ஆபத்தில்லாதவர்கள் என்று தெரிந்ததும் மறுபடி மாட்டிவிட்டார். கம்பியைத் தேடிப் போகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு போனதாலேயே கம்பி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான் மிஷினைத் தூக்கினேன். முதல் வரிசை நன்றாகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது வரிசையில், சவுக்குக் கழியைத் தாண்டும் இடத்தில், மிஷின் ஒன்றுமில்லாத வெளியில் ஏதோ ஒன்றில் மோதியது. பட் என்று ஒரு பொறி. இறக்கை சுற்றிக்கொண்டது. மிஷின் தலைகீழாகத் தொங்கியது. அதன் கனத்தில் கம்பி தாழ்ந்து, நெஞ்சு உயரத்தில் ஆடியது. டேங்கிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

வாக்கி-டாக்கியில் ஃபிரான்சிஸின் குரல் வந்தது. "கம்பி."

"தெரியுது."

"இப்பதான் பார்த்தேன்."

நான் இருந்த இடத்திலேயே நின்றேன். மிஷின் போனால் போகிறது. என்னைப் பயமுறுத்தியது மோட்டார் சத்தம். அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டார் ஓடுகிறதென்றால் அந்தக் கம்பியில் உயிர் இருக்கிறது. கீழே மண் ஈரம். "கிட்ட வராதே, கரண்ட் ஆபீசுக்குப் போன் பண்ணு" என்று ஃபிரான்சிஸிடம் சொன்னேன். அவர் போனில் பேசுவது வாக்கி-டாக்கியில் எனக்குக் கேட்டது. "சார், நமஸ்காரா சார், எங்க ஏரோப்ளேன் உங்க லைன்ல மாட்டிக்கிச்சு சார். இல்ல சார், யாரும் சாகல சார். சின்ன ஏரோப்ளேன். முட்டைக்கோஸ் தோட்டம் சார்."

கரண்ட் ஆபீஸ் என்ற சொல் வெங்கடப்பா காதில் விழுந்ததுதான் தாமதம், மோட்டாரை அணைத்துவிட்டு, பதினைந்தடி மூங்கில் கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் லைனை நோக்கி வந்தார். நுனியில் வளைந்த இரும்பு ஆணி. தினமும் கொக்கி மாட்டுகிற கம்பு அது.

"என்னாத்துக்கு போன் பண்ணீங்க? ஒரு நிமிஷத்துல கொக்கியை எடுத்துட்டா முடிஞ்சுது!"

"வேணாங்க. கம்பு ஈரமா இருக்கு."

உண்மையில் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு வரிசை அடிக்கும்போது வரப்பில் கிடந்த கம்பையும் சேர்த்துக் குளிப்பாட்டியிருந்தேன். அவர் காலில் செருப்பு இல்லை. மோட்டார் நின்றாலும் கொக்கி லைனில் இருக்கிற வரைக்கும் கம்பியில் கரண்ட் இருக்கும். மிஷினின் கனம் கம்பியை இழுத்துப் பிடித்திருந்ததால் கொக்கி சுலபமாகக் கழலவும் போவதில்லை. நெம்ப வேண்டும்.

"எட்டு வருஷமா எடுக்கறேன், மாட்டறேன். எனக்கு நீ சொல்றியா?"

"அப்ப கம்பு காஞ்சிருந்துதுங்க. அவங்க வந்து ஆஃப் பண்ணட்டும்."

"அவன் வந்து பார்த்தா என் மானம் போகும். தள்ளு!"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். அவர் பொல்லாதவர் இல்லை. ஒன்றைத் தினமும் செய்து, ஒரு நாளும் சாகாத மனிதர். அப்படிப்பட்டவரிடம் செத்துவிடுவீர்கள் என்று சொல்வது என்னைப் போன்றவனால் ஆகிற காரியமில்லை. பத்தாவதில் விஞ்ஞானத்தில் நான் எடுத்த மார்க்கை இங்கே எழுத மாட்டேன். அவரைப் பிடித்து நிறுத்தவும் முடியாது, உர மூட்டையை ஒற்றைக் கையில் தூக்குகிற ஆள். லைன்மேன் வர எத்தனை நேரம் ஆகுமோ தெரியாது. அவர் கம்பை உயர்த்த இன்னும் இருபது அடிதான் இருந்தது.

கம்பு இல்லாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏய்! என் கம்பு!"

பதினைந்தடிக் கம்போடு முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னால் நுனி ஒரு பக்கம் போகிறது, பின்னால் அடி இன்னொரு பக்கம் போகிறது, நடுவில் நாம். ஹெல்மெட் கண்ணை மறைத்தது. கம்பியிருக்கும் பக்கம் மட்டும் போய்விடக் கூடாது என்று குட்டைப் பக்கமாகவே ஓடினேன். வெங்கடப்பா மூன்று பாஷையில் திட்டிக்கொண்டு பின்னால் வந்தார். தமிழில் திட்டியதைக் கேட்டு வளர்ந்தவன் நான், கன்னடத்தில் திட்டியதும் பழக்கம்தான். தெலுங்கில் புதிதாகச் சில கற்றுக்கொண்டேன்.

வாக்கி-டாக்கி அலறியது. "என்னாப்பா ஆச்சு? உனக்கு கரண்ட் அடிச்சுடுச்சா? ஏன் இப்படி ஓடறே?"

"பேசாம இரு!"

"மாதாவே, மூளைக்கு ஏறிடுச்சு!"

ஜெயம்மா வரப்பில் நின்று, "மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க!" என்று கத்தினார். இருவரும் மிதித்தோம். குட்டையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தேன். இரண்டாவது சுற்றில் எனக்கு மூச்சு இல்லை. அவருக்கு நிறைய இருந்தது. சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த நேரத்தில் கையிலிருந்ததைக் குட்டையில் எறிந்தேன். அது நடுத் தண்ணீருக்குப் போய், அங்கேயே மிதந்தது.

வெங்கடப்பா என்னை அடிக்கவில்லை. அடிக்கக்கூடத் தோன்றாத அளவுக்கு ஆச்சரியப்பட்டுவிட்டார். "ஏன்யா எறிஞ்சே?" என்று மட்டும் கேட்டார். பிறகு கரையில் உட்கார்ந்து நிதானமாகத் திட்டத் தொடங்கினார். நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். இடையிடையே "ஆமாங்க", "தப்புதாங்க" என்று சொன்னேன். திட்டுகிற வரைக்கும் ஆள் கம்பிப் பக்கம் போக மாட்டார். அவர் சோர்ந்தபோது, "என் அப்பாவை இன்னும் சொல்லலையே" என்று எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் கொஞ்ச நேரம் ஓடியது.

லைன்மேன் ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான, தூக்கக் கண்ணோடு இருக்கும் மனிதர். எதையும் கேட்காமல் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் சுவிட்சை இறக்கினார். பிறகு வந்து, கம்பியையும் கொக்கியையும் தலைகீழான எங்கள் மிஷினையும் பார்த்தார். வெங்கடப்பாவின் ஈரக் காலைப் பார்த்தார்.

"இதை எடுக்கப் போனீங்களா?"

வெங்கடப்பா தலையை ஆட்டினார்.

"எதால?"

நாங்கள் எல்லோரும் குட்டையைப் பார்த்தோம். லைன்மேனும் பார்த்தார். ஆணி வைத்த நுனி தண்ணீருக்கு மேல் தெரிந்தது.

"அதாலயா? ஈரத்தோடயா? பண்ணியிருந்தா நான் அவசரப்பட்டு வந்திருக்கத் தேவையே இல்லை" என்றார்.

வெங்கடப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. ஊர் லைனை அண்ணாந்து பார்த்தார். பிறகு, ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியிருக்கும். "இருங்க, கம்பை எடுத்துட்டு வர்றேன், நானே கொக்கியைக் கழட்டிடறேன்" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டு குட்டையை நோக்கி நடந்தார். பாலித்தீன் விரித்த குட்டையில் இறங்கினால் வழுக்கிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவனும் கரையேற முடியாது.

ஜெயம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார், "இன்னைக்கு எப்படியாவது செத்தே தீரணும்னு இருக்கியா?"

வெங்கடப்பா சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

லைன்மேன் ஏணி கொண்டுவந்து கொக்கியை எடுத்தார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் நடந்தது அவர்கள் விஷயம். மிஷினை நாங்கள் கோணியில் கட்டி எடுத்துவந்தோம்.

அந்த நாளுக்குப் பிறகு நான் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒன்று, டீ குடித்தால் கம்பி பார்த்தது செல்லாது. முறுக்கு தின்றாலும் செல்லாது. மிஷினைத் தூக்குவதற்கு முன் கடைசியாகச் செய்யும் வேலை வயலை நடந்து பார்ப்பதாகத்தான் இருக்க வேண்டும், நடுவில் வேறு எதுவும் கூடாது. இரண்டு, ஹெல்மெட்டும் அட்டையும் வண்டியிலேயே இருக்கும். முதலில் வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, இடம் வாங்க வந்தவன் மாதிரி நடப்பேன். பெங்களூரைச் சுற்றி இடம் வாங்க வந்தவனிடம் எதையும் மறைக்க மாட்டார்கள். "கரண்ட் வசதி உண்டா?" என்று கேட்டால் போதும். "ஏன் இல்ல, இதோ பாருங்க" என்று கொக்கி உட்பட எல்லாவற்றையும் அவர்களே பெருமையாகக் காட்டிவிடுவார்கள். ஆபீசில் இதற்கு எழுத்தில் அனுமதி இல்லை. கேட்டால் நான் சொல்லவில்லை.

மறுவாரம் வைட்ஃபீல்ட் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மிஷின் உடைந்ததற்குத்தான் என்று நினைத்து, இந்த வேலையும் இரண்டு வருஷத்தைத் தாண்டாது போலிருக்கிறது என்று துணிமணியை எடுத்துவைத்துவிட்டே போனேன். கண்ணாடி அறையில் மேனேஜர் மேடம் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். மேஜையில் ஒரு பேப்பர்.

"மிஷின் விஷயம் இன்ஷூரன்ஸ்காரங்க பாத்துப்பாங்க. இது வேற. கஸ்டமர் கம்ப்ளைன்ட். பையனை விட்டு மெயில் அனுப்பியிருக்கார். 'உங்கள் ஆள் என் கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். என் முட்டைக்கோசை மிதித்தார். என்னைக் குட்டையைச் சுற்றி இரண்டு தடவை ஓடவிட்டார். பிறகு என் கம்பைத் தண்ணீரில் எறிந்தார்.' இதெல்லாம் உண்மையா?"

"ஒண்ணேமுக்கால் சுத்துதான் மேடம். மத்ததெல்லாம் உண்மை."

"ஏன் பண்ணீங்க?"

சொன்னேன். ஈரக் கம்பு, வெறுங்கால், இருபது அடி. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் பேப்பரை மறுபடி ஒருமுறை படித்தார்.

"இதை எப்ப அனுப்பினார் தெரியுமா? இன்னைக்குக் காலைல. இப்ப அவர் எப்படி இருக்கார்?"

"வர்ற வழியில போன் பண்ணேன் மேடம். நல்லா இருக்கார். இன்னும் ரொம்பக் கோபமா இருக்கார்."